ஐஸ் ஹாக்கியை யாரிடம் ஒப்படைப்பது? ஒளிபரப்பாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். 1917இல் மாண்ட்ரியலில் தொடங்கியது. இன்று கனடாவில் 7, அமெரிக்காவில் 25 என 32 அணிகள் அதில் ஆடுகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதன் ஆட்டங்கள் ஒரு சேனலிலிருந்து இன்னொரு சேனலுக்குக் குடிபெயரும். அப்போதெல்லாம் ரசிகர்களிடம் குழப்பமும் கோபமும் எழும். இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

லீக் எதை விற்கிறது? எல்லா ஆட்டங்களையும் ஒரே சேனலுக்குக் கொடுத்துவிட முடியாதா?

முடியாது. கடந்த பல பருவங்களாக ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். மொத்தம் 1,312 ஆட்டங்கள், பிளே-ஆஃப் சேராமல். இத்தனைக்கும் இடம் கொடுக்க எந்தச் சேனலாலும் இயலாது. ஆகவே ஒரு பகுதியைத் தேசிய உரிமையாக லீக் விற்கிறது. மீதியை அந்தந்த அணி தன் வட்டாரச் சேனலுக்கு விற்றுக்கொள்கிறது. ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிப் போட்டி தேசிய உரிமையின் மணிமகுடம்.

வெளியூர் ஆட்டங்களை இணையத்தில் பார்க்கச் சந்தா கட்டியவர்கள், "சொந்த ஊர் அணியின் ஆட்டம் மட்டும் ஏன் தெரியவில்லை?" என்று கேட்பது இதனால்தான். அந்த ஆட்டத்தின் உரிமை வட்டாரச் சேனலிடம் இருக்கிறது. அதைக் காக்க இணையத்தில் திரையை இருட்டடிக்கிறார்கள். அணிக்கு மிக அருகில் வாழும் ரசிகருக்கே கதவு மூடப்படும் இந்த ஏற்பாடு எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாக இருந்ததில்லை.

ஐஸ் ஹாக்கியை டிவியில் காட்டுவது அவ்வளவு கடினமா?

கடினம்தான். ஒளிபரப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் எடைபோட வேண்டும். ஆடுகளம் ஏறத்தாழ 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். அதில் ஓடும் கறுப்பு ரப்பர் வட்டு 7.6 செ.மீ. விட்டமும் 2.5 செ.மீ. கனமும் மட்டுமே கொண்டது. கிரிக்கெட் பந்து வீச்சாளரின் கையிலிருந்து எங்கே போகும் என்று நமக்கு முன்கூட்டியே ஓரளவு தெரியும். இங்கோ வட்டு பலகையில் மோதும், மட்டைகளுக்கிடையே மறையும், வீரரின் காலில் பட்டுத் திரும்பும். பழைய சதுரத் திரையில் அதைத் தொலைத்துவிட்டுத் தேடியவர்கள் ஏராளம்.

இதற்கு விடை காண ஃபாக்ஸ் சேனல் ஒரு முயற்சி செய்தது. 1994இல் ஐந்து ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்து உரிமையை வாங்கிய அந்த நிறுவனம், 1996 ஜனவரியில் பாஸ்டனில், முன்னணி வீரர்கள் மட்டும் ஆடும் நட்சத்திர ஆட்டத்தில் மின்னணுச் சுற்றும் பேட்டரியும் பொதித்த வட்டை அறிமுகப்படுத்தியது. திரையில் வட்டைச் சுற்றி நீல ஒளி படரும். மணிக்கு 70 மைலைத் தாண்டும் அடியென்றால் பின்னால் சிவப்பு வால் நீளும். பழகிய ரசிகர்கள் இதை வெறுத்தார்கள். 1998 வரைதான் அது நீடித்தது. ஆனாலும் புதியவர்களுக்கு ஆட்டத்தைப் புரியவைக்க வேண்டும் என்று ஒரு சேனல் இவ்வளவு மெனக்கெட்டதை நான் மதிக்கிறேன். பிறகு வந்த அகலத் திரையும் உயர்தெளிவுப் படமும் அந்த வேலையை ஓசையில்லாமல் முடித்துவைத்தன.

இன்னொரு சங்கடம் விளம்பரம். ஓடும் ஆட்டத்தை விளம்பரத்துக்காக நிறுத்த முடியாது. 20 நிமிடப் பகுதி ஒவ்வொன்றிலும் மூன்று விளம்பர இடைவேளைகள் உண்டு. குறித்த நேரம் தாண்டிய பின் நடுவர் விசில் ஊதினால்தான் அவை தொடங்கும். கோல் விழுந்த உடனேயும், ஓர் அணி ஆள் குறைவாக ஆடும்போதும் விளம்பரம் வராது. ஓவருக்கு ஓவர் விளம்பரம் போட்டுப் பழகிய சேனலுக்கு இது சிக்கனமான சாப்பாடு.

அதிகத் தொகை தருபவருக்கே கொடுத்துவிட்டால் என்ன?

1988இல் அப்படித்தான் செய்தார்கள். அதன் விலையை நான்கு ஆண்டுகள் கொடுத்தார்கள்.

அதுவரை அமெரிக்காவில் ஆட்டங்களைக் காட்டிக்கொண்டிருந்தது இ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுச் சேனல். மூன்று ஆண்டுகளுக்கு அது தந்தது ஏறத்தாழ 2.4 கோடி டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு 5.1 கோடி தருவதாக ஸ்போர்ட்ஸ்சேனல் அமெரிக்கா என்ற நிறுவனம் வந்தது. இரட்டிப்புக்கும் மேல்! லீக் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டது. ஆனால் இ.எஸ்.பி.என். எட்டிய வீடுகளில் ஒரு சிறு பங்கைத்தான் புதிய சேனல் எட்டியது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஹாக்கி ஒரே இரவில் திரையிலிருந்து காணாமல் போனது.

அதே 1988 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான், ஹாக்கியின் ஈடிணையற்ற வீரரான வெய்ன் கிரெட்ஸ்கி எட்மன்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு மாற்றப்பட்டார். பனி அரிதான தெற்குக் கலிஃபோர்னியாவில் திரைப்பட நட்சத்திரங்கள் அரங்குக்கு வந்து அமர்ந்தார்கள். ஆட்டத்தை அமெரிக்கா முழுவதும் கொண்டுசெல்ல அதைவிட நல்ல தருணம் வாய்த்திருக்காது. அந்தத் தருணத்தில் நாட்டின் பெரும்பாலான வீடுகளில் அவர் ஆடுவதைத் தேசிய ஒளிபரப்பில் பார்க்க வழியே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. நான்காவது ஆண்டுக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தபோது கிடைத்த தொகை, முன்பு ஆண்டுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பார்க்க ஆளில்லாத ஆட்டத்தின் சந்தை விலையும் சரிந்துவிட்டது. 1992இல் லீக் இ.எஸ்.பி.என்.னிடமே திரும்பிப் போனது.

2005இலும் ஒரு சின்னச் சேனலுக்குத்தானே போனார்கள்? அது மட்டும் எப்படி நிலைத்தது?

என்னிடம் வந்த கேள்விகளில் மிக நல்ல கேள்வி இது.

ஊதிய வரம்பு பற்றிய சண்டையில் அணி உரிமையாளர்கள் கதவடைப்பு செய்ததால் 2004-05 பருவம் முழுவதும் ரத்தானது. 2005 பிப்ரவரியில் லீக்கின் ஆணையர் கேரி பெட்மன் அதை அறிவித்தார். ஓராண்டு ஆட்டமே இல்லாமல் போனதில், இ.எஸ்.பி.என். ஒன்றைக் கவனித்தது: ஹாக்கி இருந்த இடத்தில் வேறு எதைக் காட்டினாலும் பெரிய நஷ்டமில்லை. அடுத்த பருவத்துக்கு 6 கோடி டாலர் கொடுத்துத் தொடரும் வாய்ப்பு ஒப்பந்தத்தில் இருந்தும், வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அப்போது கை கொடுத்தது ஓ.எல்.என். மீன்பிடித்தல், வேட்டை, பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஆகியவற்றைக் காட்டிக்கொண்டிருந்த சேனல். தேசிய ஹாக்கி லீக் அங்கே போகிறது என்ற செய்தி வந்தபோது பலரும் 1988 திரும்பி வருகிறது என்றே நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் தவறும் இல்லை, இ.எஸ்.பி.என். எட்டிய அளவு வீடுகளை ஓ.எல்.என். எட்டவில்லை.

ஆனால் இரண்டுக்கும் நடுவே மூன்று வேறுபாடுகள் இருந்ததாக நான் கருதுகிறேன். முதலாவது, ஓ.எல்.என்.னின் உரிமையாளர் காம்காஸ்ட், அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய கேபிள் நிறுவனம். வீடுகளுக்குப் போகும் கம்பியே அதன் கையில் இருந்தது. பிலடெல்பியா அணியும் அதன் குழுமத்திலேயே இருந்தது. இரண்டாவது, கட்டணமில்லாமல் ஆண்டெனாவிலேயே கிடைக்கும் என்.பி.சி.யில் சில வார இறுதி ஆட்டங்களும் கோப்பை இறுதிப் போட்டியின் பெரும்பகுதியும் வந்தன. சின்னச் சேனலில் பார்க்க முடியாதவருக்கும் ஒரு சன்னல் திறந்திருந்தது. மூன்றாவதுதான் முக்கியம்: அந்தச் சேனலுக்கு ஹாக்கி தேவைப்பட்டது. அங்கே ஹாக்கி மூலையில் கிடக்கும் விருந்தாளியாக இல்லாமல் வீட்டின் மூத்த பிள்ளையாக இருந்தது.

2006இல் அந்தச் சேனல் வெர்சஸ் என்றும், 2012இல் என்.பி.சி. ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க் என்றும் பெயர் மாறி வளர்ந்தது. 2011இல் காம்காஸ்ட் என்.பி.சி.யையே வாங்கியபின் கையெழுத்தான பத்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 200 கோடி டாலர். அதன்படி 2012 முதல் பிளே-ஆஃப் ஆட்டங்கள் ஒன்று விடாமல் நாடு முழுவதும் காட்டப்பட்டன. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

குறை இல்லாமலும் இல்லை. டைரெக்டிவி என்ற செயற்கைக்கோள் நிறுவனத்துக்கும் காம்காஸ்டுக்கும் கட்டணத் தகராறு வந்து, 2009 செப்டம்பர் முதல் 2010 மார்ச் வரை சுமார் 1.4 கோடி வீடுகளில் வெர்சஸ் தெரியவில்லை. ஏறக்குறைய ஒரு பருவமே போயிற்று. கம்பியைக் கையில் வைத்திருக்கும் கூட்டாளிக்கு வேறு கம்பிக்காரர்களோடு பகையும் இருக்கும்.

உரிமைத் தொகையே வாங்காமல் ஒளிபரப்பக் கொடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2004இல் என்.பி.சி.யுடன் செய்த ஒப்பந்தத்தில் முன்பணம் கிடையாது. தயாரிப்புச் செலவு போக மிஞ்சும் விளம்பர வருவாயை இருவரும் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கு இ.எஸ்.பி.என்.னும் அதே குழுமத்தின் ஏ.பி.சி.யும் சேர்ந்து 60 கோடி டாலர் கொடுத்திருந்தன என்பதை நினைத்தால் இது பெரும் இறக்கம். ஆனாலும் அன்று லீக்கிற்கு வேறு வழி இல்லை. அந்த ஏற்பாட்டை அவமானம் என்று சொல்ல மாட்டேன். பழைய ஒப்பந்தமும் எழுதிய தொகையைத் தாண்டி ஆட்டத்தை வளர்க்கவில்லை.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்கு நீண்டால் சேனல் என்ன செய்யும்?

ஒளிபரப்பாளரின் உண்மையான குணம் அப்போதுதான் தெரியும். பிளே-ஆஃபில் சமநிலை என்றால் 20 நிமிடப் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். யாராவது கோல் போடும்வரை முடிவே இல்லை. சேனலின் நிகழ்ச்சி அட்டவணைக்கு இது பெரும் சோதனை.

2007 மே 19. கிழக்குப் பிரிவு இறுதியின் ஐந்தாம் ஆட்டம், பஃபலோவில். ஒட்டாவா வென்றால் கோப்பை இறுதிக்குப் போகும். 2-2 சமநிலை. கூடுதல் நேரம் தொடங்கவிருக்கும் வேளையில், பால்டிமோர் குதிரைப் பந்தயத்துக்கான முன்னோட்ட நிகழ்ச்சியைக் காட்ட என்.பி.சி. போய்விட்டது. பந்தயத்துக்கே இன்னும் நேரமிருந்தது. ஆட்டம் வெர்சஸுக்கு மாற்றப்பட்டது. அந்தச் சேனல் வராத வீடுகளில், ஒட்டாவாவின் ஆல்ஃப்ரெட்சன் போட்ட வெற்றி கோலைப் பெரும்பாலோர் நேரலையில் பார்க்கவில்லை. முன்பணம் கொடுக்காத கூட்டாளிக்கு ஆட்டத்தைக் கைவிடுவது எளிதாக இருந்தது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

2020 ஆகஸ்ட் 11 வேறு கதை. கொரோனா காலத்தில் டொரான்டோவில் பார்வையாளர் இல்லாத அரங்கில் டாம்பா பே, கொலம்பஸ் அணிகள் ஐந்து கூடுதல் பகுதிகள் ஆடின. அதே அரங்கில் அன்றிரவு நடக்கவேண்டிய கரோலினா, பாஸ்டன் ஆட்டம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனது. ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் முழுமையாக ஒளிபரப்பானது. "கோல் விழும்வரை வேறு நிகழ்ச்சிக்குப் போகக்கூடாது" என்ற வரி ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இருக்கவேண்டும்.

கனடாவில் நிலைமை எப்படி?

அங்கே ஹாக்கி குடும்ப வழக்கம். சனிக்கிழமை இரவு சி.பி.சி. தொலைக்காட்சியில் ஹாக்கி பார்ப்பது 1952இலிருந்து தொடர்கிறது. அதற்கு முன் வானொலி. அமெரிக்காவில் "பார்க்க ஆள் வருவார்களா?" என்பது கேள்வி. கனடாவில் "இதை யார் தாங்கும் விலைக்கு வாங்குவது?" என்பதே கேள்வி.

2013 நவம்பரில் ராஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 12 ஆண்டுகளுக்கு 523.2 கோடி கனடிய டாலர் கொடுத்து நாடு முழுவதற்குமான உரிமையை மொத்தமாக வாங்கியது. பிரெஞ்சு மொழி உரிமையை டி.வி.ஏ.வுக்குப் பிரித்துக் கொடுத்தது. அரசுத் தொலைக்காட்சியான சி.பி.சி.க்கு அந்த விலை எட்டாக்கனி. இருந்தாலும் சனிக்கிழமை ஆட்டங்கள் சி.பி.சி.யில் தொடர்ந்தன. சி.பி.சி. இடம் கொடுக்கும், விளம்பர வருவாய் ராஜர்ஸுக்கு. பொதுத் தொலைக்காட்சிக்கு இது நியாயமான பங்கீடு என்று நான் கருதவில்லை. ஆனால் ஆண்டெனா மட்டுமே உள்ள ஒரு கிராமத்து வீட்டில் சனிக்கிழமை இரவு ஹாக்கி நிற்காமல் இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே லீக் அதை அனுமதித்தது சரி.

ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டே ராஜர்ஸுக்கு அடி விழுந்தது. 2016இல் ஏழு கனடிய அணிகளில் ஒன்றுகூட பிளே-ஆஃபுக்குத் தகுதி பெறவில்லை. 1970க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. அணிகள் தோற்றால் ஒளிபரப்பாளரும் தோற்பார். எந்த ஒப்பந்தமும் அதற்குக் காப்பீடு தராது. அப்படியும் 2025 ஏப்ரலில் ராஜர்ஸ் மேலும் 12 ஆண்டுகளுக்கு, 1,100 கோடி கனடிய டாலருக்கு, உரிமையை நீட்டித்துக்கொண்டது. முந்தையதைவிட இரு மடங்கு.

வேற்று மொழி வர்ணனை ஒப்பந்தத்தில் ஒரு பொருட்டா?

பெரிய பொருட்டு. 2008இல் சி.பி.சி. பஞ்சாபி மொழியில் ஹாக்கி வர்ணனையைத் தொடங்கியது. ஆல்பர்டாவில் பிறந்து வளர்ந்த ஹர்னாராயண் சிங் அதன் குரல். 2016 கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் வீரர் நிக் போனினோ வெற்றி கோல் போட்டபோது, அவர் பெயரை மூச்சுவிடாமல் திரும்பத் திரும்பக் கூவிய வர்ணனை கண்டம் முழுவதும் பரவியது. பஞ்சாபி ஒரு சொல்லும் தெரியாதவர்கள் அதைக் கேட்டுச் சிலிர்த்தார்கள். அப்போது அந்த ஒளிபரப்பு ராஜர்ஸின் ஆம்னி சேனலுக்கு மாறியிருந்தது.

ஆங்கில வர்ணனை முழுதாகப் புரியாத தாத்தா பாட்டிகள், பேரப்பிள்ளைகளோடு ஒரே சோபாவில் அமர்ந்து ஆட்டம் பார்க்க அது வழிசெய்தது. கிரிக்கெட்டையும் கபடியையும் தமிழில் கேட்டுப் பழகிய நமக்கு இதன் அருமை தெரியும். டொரான்டோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் பார்க்கும்போது, ஸ்கார்பரோவின் தமிழ் வீடுகளுக்கும் இப்படி ஒரு குரல் நிலையாகக் கிடைக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

2021இல் ஏன் இரண்டு கூட்டாளிகள்?

என்.பி.சி.யின் பத்தாண்டு முடிந்தபோது லீக் உரிமையை இரண்டாகப் பிரித்தது. 2021 மார்ச்சில் டிஸ்னியின் இ.எஸ்.பி.என்., ஏப்ரலில் டர்னர், இரண்டும் ஏழு ஆண்டுகளுக்கு. வெளியான செய்திகளின்படி இரண்டும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 62.5 கோடி டாலர், என்.பி.சி. தந்தது ஆண்டுக்கு 20 கோடி. ஏழு கோப்பை இறுதிகளில் நான்கு ஏ.பி.சி.க்கு, மூன்று டர்னரின் டி.என்.டி.க்கு.

பிரித்ததில் நன்மை உண்டு. இருவர் போட்டி போடுவார்கள். ஒருவர் அலட்சியம் காட்டினால் மற்றவரோடு ஒப்பிட்டுக் கேட்கலாம். தீமை ரசிகருக்கு. ஒரே அணியைப் பின்தொடர கேபிள், ஓடிடி, வட்டாரச் சேனல் என மூன்று சந்தா கட்டவேண்டியிருக்கிறது.

வட்டாரச் சேனல்கள் ஏன் தடுமாறுகின்றன?

கேபிள் இணைப்பைத் துண்டிப்போர் பெருகியதால். 12 ஹாக்கி அணிகளின் உரிமையை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அதன்பின் சில அணிகள் புதுவழி தேடின. வேகஸ் அணி கட்டணமில்லா ஆண்டெனாச் சேனலுக்கு வந்தது. டல்லாஸ் அணி 2024இல் விளம்பரத்தோடு கூடிய இலவச இணைய ஒளிபரப்பைத் தொடங்கியது. முன்பு கேபிள் கட்டணத்தோடு பூட்டிக்கிடந்த ஆட்டங்கள் மறுபடி எல்லோருக்கும் திறந்திருக்கின்றன.

டிவி பணத்தால் வீரர்களுக்கு என்ன கிடைக்கும்?

லீக்கின் ஹாக்கி வருவாயில் 2013 முதல் பாதி வீரர்களுக்கு. அதை வைத்தே அணிகளின் ஊதிய உச்சவரம்பு கணக்கிடப்படுகிறது. 2005-06இல் அது அணிக்கு 3.9 கோடி டாலர், 2025-26இல் 9.55 கோடி.

புதிதாகத் தொடங்கும் லீக் எப்படித் தேர்ந்தெடுக்கவேண்டும்?

பெண்களின் தொழில்முறை லீக்கான பி.டபிள்யூ.எச்.எல். நல்ல பாடம். 2024 ஜனவரி 1 அன்று டொரான்டோவில் முதல் ஆட்டம். அணிகள் எல்லாம் லீக்கிற்கே சொந்தம் என்பதால், வட்டார உரிமை என்ற சிக்கல் அவர்களைக் கட்டிப்போடவில்லை. கனடாவில் சி.பி.சி., டி.எஸ்.என்., ஸ்போர்ட்ஸ்நெட் மூன்றிலும் ஆட்டங்கள் வந்தன. யூடியூபிலும் இலவசமாகக் கிடைத்தன. ஒருவரிடம் பூட்டிவைத்துப் பெரிய தொகை கேட்காமல், முதலில் கண்ணில் படவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 20 அன்று மாண்ட்ரியலில் ஓர் ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள்.

அமெரிக்க ஒப்பந்தங்கள் 2028இல் முடிகின்றன. அடுத்து என்ன கேட்கவேண்டும்?

தொகையை யாரும் மறக்க மாட்டார்கள். அதை நான் நினைவூட்டத் தேவையில்லை. ஆட்டம் எத்தனை வீடுகளில் கூடுதல் கட்டணமின்றித் தெரியும் என்ற எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கவேண்டும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி என்பதும் நிலையாக இருக்கவேண்டும். சனிக்கிழமை இரவு எழுபது ஆண்டுகளாகக் கனடாவைக் கட்டிப்போட்டதற்கு அந்த நிலையான நேரமும் ஒரு காரணம். கூடைப்பந்தும் அமெரிக்கக் கால்பந்தும் மோதும் நாளில் ஹாக்கியை எங்கே தள்ளுவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறவேண்டும். உள்ளூர் ரசிகருக்கான இருட்டடிப்பை முழுதாக நீக்கவேண்டும். வட்டாரச் சேனல்கள் தள்ளாடும் இந்த நேரத்தில் அதற்கு முன்னெப்போதையும்விட வாய்ப்பு அதிகம்.